மறதி என்னும் அவதூறு

சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில், ஒலிபெருக்கி அலறிக் கொண்டிருந்த வேளையில், ஓர் இளைஞர் தம் பெயரை என்னிடம் சொன்னார். ஐந்து நிமிஷம் கழித்து அதை மறுபடியும் கேட்டேன். "சாருக்கு வயசாகிவிட்டது" என்று சிரித்தார். சிரிப்பை மன்னித்துவிட்டேன். அந்தத் தீர்ப்பை மன்னிப்பதாக இல்லை.

முதியவர்கள் எதையும் சரியாகக் கவனிப்பதில்லை, ஆகவே மனத்தில் தங்குவதில்லை என்பது பொதுவான அபிப்பிராயம். 2005-இல் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் ஆடம் கஸாலி முதலியோர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முகங்களையும் இயற்கைக் காட்சிகளையும் கலந்து காட்டி, ஒரு தடவை முகங்களை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை காட்சிகளை மட்டும். அப்போது மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை ஸ்கேன் கருவி காட்டிற்று. கவனிக்கச் சொன்னதைக் கவனிப்பதில் முதியவர்கள் இளைஞர்களுக்குச் சளைக்கவில்லை. விட்டுவிடச் சொன்னதை விடுவதில்தான் தோற்றார்கள். அழையாத விருந்தாளி உள்ளே வந்து உட்கார்ந்தால், அழைத்தவருக்கு இலை ஏது? அந்த முதியவர்களிலும் நினைவு நன்றாக இருந்த சிலர், வேண்டாததை இளைஞர்களைப் போலவே ஒதுக்கினார்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே, அன்று என்னைத் தோற்கடித்ததில் ஒலிபெருக்கிக்கும் பங்கு உண்டு. என் வயதின் மேல் மட்டும் பழி போடுவது என்ன நியாயம்?

சோதிக்கும் நேரத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1993-இல் ஸிந்தியா மே, லின் ஹாஷர் முதலியோர் முதியவர்களையும் கல்லூரி மாணவர்களையும் காலையிலும் பிற்பகலிலும் சோதித்தார்கள். பிற்பகலில் மாணவர்கள் வெகுவாக முந்தினார்கள். காலையில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்து போயிற்று!

இன்னொரு மோசமும் உண்டு. இன்றைய இருபது வயதுக்காரரையும் இன்றைய எழுபது வயதுக்காரரையும் பக்கத்தில் நிறுத்தி, வித்தியாசம் முழுவதையும் முதுமையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இருவரும் படித்த படிப்பும் வளர்ந்த காலமும் ஒன்றா? வார்னர் ஷாய் 1956-இல் ஸியாட்டில் நகரில் 500 பேரோடு தொடங்கி, அதே மனிதர்களை ஏழு வருஷத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்பச் சோதித்தார். அறிவின் பல திறன்கள் அறுபது வயது வரையில் பெரிதாகத் தேய்வதில்லை என்று தெரிந்தது.

வயது எதையும் பறிப்பதில்லை என்று நான் வாதாடவில்லை. வேகம் குறைகிறது, அறுபதுக்கு முன்பே குறையத் தொடங்குகிறது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ஆனால் "வயசாகிவிட்டது" என்ற ஒரு சொல் இரண்டு அநியாயங்களைச் செய்கிறது. நல்ல புத்தியோடு இருப்பவரின் கையிலிருந்து பாங்குப் புத்தகத்தையும் சாவிக் கொத்தையும் பிடுங்குகிறது. மெய்யாகவே நோய் கண்டவரையோ, 'வயசானால் அப்படித்தான்' என்று டாக்டரிடம் அழைத்துப் போகாமல் திண்ணையில் உட்கார்த்தி வைக்கிறது. ஆராய்ந்து பார்க்காத தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டும்.

வீட்டில் பெரியவர் இருந்தால் ஒன்று செய்யுங்கள். முக்கியமான விஷயத்தைக் காலை வேளையில் சொல்லுங்கள். டெலிவிஷனை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். நாலு பேர் ஒரே சமயத்தில் பேசாமல், ஒருவர் மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மறந்தால், அப்போது யோசிக்கலாம்.

அந்த இளைஞரின் பெயரை இரண்டாவது தடவை வாசலில் வைத்துக் கேட்டேன். அங்கே ஒலிபெருக்கி இல்லை. இன்றைக்கும் நினைவிருக்கிறது.