தோழன் கேட்டால் என்ன சொல்வது?

பண்டத்தரிப்பிலுள்ள ஒரு தாயார் சென்ற வாரம் என்னிடம் ஒரு மனக்குறையைக் கூறினார். அவருடைய ஒன்பது வயது மகனைப் பார்த்து வகுப்புத் தோழன் ஒருவன், "நீ ஏன் திருநீறு பூசுறேல்லை?" என்று கேட்டானாம். மகன் விடை கூறாது தலை குனிந்து நின்றானாம். "ஞாயிறு பாடசாலையிலே பரிசு வாங்கிய பிள்ளை, எத்தனை வசனங்கள் மனப்பாடம்! ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையே" என்பது தாயின் துயரம்.

மனப்பாடஞ் செய்த பிள்ளைக்கு வாய் வராதது வியப்பன்று. வசனம் ஆசிரியை கேட்பதற்காகக் கற்றது. தோழன் கேட்டதோ வேறு கேள்வி. அதற்குரிய விடை பிள்ளையின் சொந்தச் சொல்லாகவே இருத்தல் வேண்டும்.

அத்தாயார் வாழும் ஊரிலேயே இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜோன் ஸ்கடர் 1820ஆம் ஆண்டு பண்டத்தரிப்புக்கு வந்தார். நியூயோர்க்கில் நல்ல வருவாயுள்ள வைத்தியராயிருந்தவர், நோயாளி ஒருவரின் வீட்டில் கண்ட சிறு பிரசுரமொன்றைப் படித்து மனம் மாறி, அத்தொழிலை விட்டுக் கடல் கடந்தார். பண்டத்தரிப்பிலே பிணி தீர்த்ததோடு, சிறுவர்க்கு விடுதிப் பாடசாலையொன்றையும் நடத்தினார். அதிற் பயின்றோர் பெரும்பாலும் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள். உணவும் உடையும் மிஷனே கொடுத்தது.

1824ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓரிரவு, ஸ்கடர் வெளியே சென்றிருந்தார். சிறுவர்கள் உறங்கப் போகும் வேளை. சபையிற் சேர்ந்திருந்த நம்மவர் ஒருவர் அவர்களோடு உருக்கமாகப் பேசினார். பேச்சைக் கேட்ட பிள்ளைகளுக்கு உறக்கம் வரவில்லை. சிறுசிறு கூட்டமாக எழுந்து தோட்டத்துக்குச் சென்று செபிக்கலாயினர். முப்பதுக்கு மேற்பட்ட சிறுவரின் அழுகையும் செபமும் அச்சிறு தோட்டத்தை நிறைத்தன. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தின் பின் திரும்பிவந்த ஸ்கடர், சற்றுநேரம் பொறுத்திருந்து, பின்னரே மணியடித்து அவர்களை உள்ளே அழைத்தார். வந்தவர்கள் தாங்கள் மீட்படைய வழி யாதென்று கண்ணீரோடு அவரைக் கேட்டனர்.

சோறும் துணியும் தருபவரின் முகத்துக்காகப் பிள்ளைகள் அப்படி நடந்தார்கள் என்று ஐயுறுவோர் இருப்பர். அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும் அவர்கள் எழுந்து தோட்டத்துக்குச் சென்ற வேளையில், அங்கே அந்த முகம் இல்லை. தம்முள் ஒருவர் தம் மொழியிலே பேசினார். அதுவே அவர்களை எழுப்பியது. உள்ளே வராமற் பொறுத்திருந்த அந்தச் சிறிது நேரத்துக்காகவும் நான் டாக்டரை மதிக்கிறேன்.

அவரிடம் நாம் பின்பற்றத் தகாததும் உண்டு. பிற்காலத்தில் அமெரிக்கச் சிறுவர்க்கென அவர் எழுதிய நூல்களில், இந்நாட்டாரின் வழிபாடுகளைக் கடுமையாக இகழ்ந்துள்ளார். அடுத்த வீட்டுப் பொங்கலை வாங்கி உண்டு, நத்தார்ப் பலகாரத்தை அவ்வீட்டுக்கு அனுப்பி வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்த நடை ஆகாது. தோழனின் தெய்வத்தைப் பழித்துத் தன் விசுவாசத்தைச் சொல்லும் பிள்ளை, தோழனையும் இழப்பான். தான் சொல்ல வந்ததையும் இழப்பான். அன்றியும், பிறர் வீட்டுப் பிள்ளையை அதன் பெற்றோர் அறியாமல் ஆலயத்துக்கு அழைத்து வருவதும் முறையன்று. நம் பிள்ளையை யாரேனும் அவ்வாறு அழைத்துச் சென்றால் நாம் வாளாவிருப்போமா?

ஆகவே அத்தாயாரிடம், மகனுக்குப் புதிய வசனமெதுவும் கற்பிக்க வேண்டாமென்றேன். இரவுச் சாப்பாட்டின்போது, "நாங்கள் ஏன் செபிக்கிறோம்?" என்று அவனையே கேட்டுப் பாருங்கள், அவன் சொல்வது பிழையாயிருந்தாலும் இடைமறியாமற் கேளுங்கள் என்றேன். தகப்பனாரும் தமக்குத் தோன்றிய விடையைச் சொல்லட்டும். வீட்டிற் பேசிப் பழகாத பொருளை வகுப்பறையிற் பிள்ளை எப்படிப் பேசுவான்?

"கேள்வி கேட்ட பையனோடு இப்போது பேச்சுவார்த்தை உண்டோ?" என்றும் கேட்டேன்.

தாயார் சிரித்துவிட்டார். அன்று மாலையே இருவரும் பந்து விளையாடப் போய்விட்டார்களாம். வரும் நத்தாருக்குப் பலகாரத் தட்டை அவன் வீட்டுக்குக் கொண்டுபோவது தானே என்று மகன் இப்பொழுதே சொல்லி வைத்திருக்கிறானாம்.