பதினேழு வயதில் முடிந்துபோகாத வடிவம்

காரைக்கால் கோவில்பத்தில் பிளஸ் டூ எழுதப் போகும் பிள்ளையிடம் உறவினர்கள் கேட்பது ஒன்றே: "நீட்டா, ஜேஇஇயா?" ஜிப்மர் கிளையும் என்ஐடியும் காரைக்காலிலேயே இருப்பதால் கேள்வியின் அழுத்தம் கூடியிருக்கிறது. பதினேழு வயதில் வாழ்க்கையின் நோக்கம் முடிவாகியிருக்க வேண்டும் என்கிறார்கள். புரதத்தின் வடிவமே அதன் வேலையைத் தீர்மானிக்கிறது, மனிதரும் அப்படித்தான் என்று உயிரியலையே சாட்சிக்கு அழைப்பவர்களும் உண்டு. அந்தப் பாடத்தை முழுவதும் படித்தால் சாட்சி வேறு விதமாகப் பேசும்.

பாடம் எழுதப்பட்ட இடங்களில் ஒன்று நம் சென்னை. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்த பிரிட்டிஷ் அறிஞர் பெர்னால், கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று இயற்பியல் துறைத் தலைவர் ஜி.என். ராமச்சந்திரனிடம் சொன்னார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து நிற்கும் புரதம் அது. 1954-55இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் விடை கண்டார்கள்: மூன்று அமினோ அமிலச் சங்கிலிகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்ட முச்சுருள்.

அதில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்கிறது. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. முறுக்கின் நடுவே வேறெதற்கும் இடமில்லை. அங்கே பெரிய அமினோ அமிலம் ஒன்று புகுந்துவிட்டால், லேசாக இடறினாலே எலும்பு முறியும் பிறவி நோய் வரக்கூடும். வைட்டமின் சி கிடைக்காவிட்டால் முச்சுருளே உறுதி இழந்து ஈறுகளில் ரத்தம் கசியும். சங்கிலி தனியாக வலிமை பெறுவதில்லை, துணை வேண்டும்.

1963இல் ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் தந்தார்கள். அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதால் அதில் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட பிரதேசம். மிஞ்சிய சிறு இடத்துக்குள்தான் உயிரின் அத்தனை விதமான புரதங்களும் உருவாகின்றன. உலகெங்கும் ஒரு புரத அமைப்பு சரியா என்று பார்க்க இன்றும் ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் விரிக்கிறார்கள்.

இதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் பிள்ளைகளை அவசரப்படுத்துகிறார்கள். நிலையான வடிவமே இல்லாத புரதங்களும், புரதப் பகுதிகளும் ஏராளம் என்பது பிறகு தெரியவந்தது. புற்றுநோயிலிருந்து செல்லைக் காக்கும் பி53 புரதத்தின் ஒரு முனை கட்டுக்குள் அடங்காமல் நெளிந்துகொண்டே இருக்கும். வேறொரு புரதத்தோடு சேரும்போதுதான் அது சுருளாகிறது. முன்பே இறுகியிருந்தால் பலரோடு சேர்ந்து பல வேலைகள் செய்ய அதனால் முடியாது.

ராமச்சந்திரனே பெங்களூரில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்து, இயற்பியலுக்கு மாறி, சி.வி. ராமனிடம் படிகங்களைப் படித்துவிட்டுப் புரதத்துக்கு வந்தவர். நம் கடற்கரைக்கு வடக்கே சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியபின் மறுபடியும் மாணவராகி உயிரியல் படித்தார். செல்லுக்குள் புரதங்களைக் கட்டும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்றார். இருவரில் ஒருவரைக்கூடப் பதினேழு வயதில் யாரும் உயிரியலாளர் என்று சொல்லியிருக்க முடியாது. மாங்கனித் திருவிழாவில் காரைக்கால் ஆண்டுதோறும் கொண்டாடும் அம்மையாரும், கணவனுக்காகச் சுமந்த உடலை வேண்டாமென்று விட்டு வேறு வடிவம் கேட்டவர்தானே.

ஆனாலும் இந்த ஒப்புமையை ஓர் இடத்தில் நிறுத்தியே ஆகவேண்டும். மடிப்பு தவறிய புரதத்தைச் செல் அடையாளம் கண்டு சிதைத்துவிடும். தேர்வில் தவறிய பிள்ளையிடம் வீடு அப்படி நடந்துகொள்ளக் கூடாது. எலும்பு எளிதில் முறியும் குழந்தையின் மதிப்பு அதன் கொலாஜனில் இல்லை. புரதத்துக்கு நோக்கம் என்று எதுவும் கிடையாது, அதற்கு அமைந்தது வேலை மட்டும். நோக்கத்தைத் தேடுவதும் மாற்றிக்கொள்வதும் மனிதரின் உரிமை.

பதினொன்றாம் வகுப்பில் எடுத்த குரூப் ஆயுள் முழுக்கத் துரத்தக் கூடாது. கணிதம் படித்தவர் உயிரியலுக்கும், உயிரியல் படித்தவர் கணினிக்கும் கடந்துபோக இணைப்புப் பாடங்களைக் காரைக்கால் கல்லூரிகள் தாராளமாக நடத்த வேண்டும். ஓராண்டு யோசிக்க நேரம் கேட்கும் பிள்ளைக்கு அதைப் பெற்றோர் கொடுக்க வேண்டும், "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்ற பேச்சு இல்லாமல்.