விளைச்சலை விரும்புவோரும் விளைப்போரும்

நல்ல விளைச்சலை விரும்பாத குடியானவர் எவருமிலர். ஆயினும், விரும்புவோர் யாவரும் விளைப்போராவதில்லை. இவ்விரு திறத்தாரிடையே உள்ள வேற்றுமை அறுவடைக் களத்தில் தோன்றுவதன்று. சித்திரை, வைகாசி மாதங்களிலேயே தோன்றிவிடுகிறது.

கள்ளக்குறிச்சிப் பிரதேசத்தின் நிலைமை யாவரும் அறிந்ததே. கல்வராயன் மலையிற் பெய்யும் மழையே கோமுகி, மணிமுத்தா ஆறுகளாய் இறங்கி அணைகளை நிரப்புகிறது. அப்பாசனம் எட்டாத மானாவாரி நிலங்களோ வானத்தையே நோக்கியிருப்பவை. மழை எப்பொழுது வரும், எவ்வளவு வரும் என்பது ஒருவர் வசத்திலும் இல்லை. வரும் மழையை ஏற்க நிலம் ஆயத்தமாயிருக்கிறதா என்பது உழவர் வசத்தில் உள்ளது.

கோடை மழையின் ஈரத்தில், சரிவுக்குக் குறுக்கே உழுதிட்ட நிலம் அடுத்த மழையை உள்ளே வாங்கிக்கொள்ளும். களைகளின் வேரும் பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும் வெயிலில் காய்ந்து அழியும். இறுகிக் கிடக்கும் பக்கத்து வயலிலோ, அதே மழை மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடையில் கலக்கும். வானம் இருவர்க்கும் ஒன்றே. பலன் மட்டும் வேறாகிறது.

"கையில் முதலில்லாதவர் என் செய்வார்?" என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயினும், ஆயத்த வேலைகள் யாவும் பணத்தை வேண்டுவன அல்ல. நூறு விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் முடிந்துவைத்து முளைப்பைப் பார்க்கச் செலவேது? நெல்லில் எண்பதுக்குக் குறைந்தால் அவ்விதையை நீக்கிவிடலாம். 10 லிட்டர் நீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து விதைநெல்லை இட்டால் பதர் மிதக்கும்; மூழ்கிய மணிகளை நன்னீரில் கழுவி விதைக்கலாம். நடவுக்கு முன் தக்கைப்பூண்டை விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், உரச்செலவிலும் ஒரு பகுதி குறையும். இவற்றுக்கு வேண்டுவது பெரும்பாலும் காலமும் கவனமுமே.

கிராம அலுவலர்க்கும் இதிற் பங்குண்டு. குடிமராமத்து என்பது புதிய பழக்கமன்று. 1858-ஆம் வருஷத்துச் சட்டமே அதனை வலியுறுத்தியது. 2017-இல் தமிழக அரசு அப்பெயராலேயே ஏரிகளைச் சீர்படுத்தும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. எனினும் அவ்வேலை ஆடிக்குமுன் நிகழ வேண்டுமேயன்றி, ஐப்பசியில் கரை கசியும்போது நிகழ்ந்து பயனில்லை. 2024 நவம்பர் 30-இல் கரை கடந்த பெஞ்சல் புயலின் பெருமழை இம்மாவட்டத்தையும் வருத்திற்று. அத்தகைய மழையை முற்றிலும் வெல்ல எம்முயற்சியும் போதாது என்பது உண்மையே. ஆயினும், தூர்வாரிய வாய்க்காலில் வடியும் நீர், தூர்ந்த வாய்க்காலில் தேங்கிப் பயிரை அழுகச் செய்யும்.

முயன்றவர்க்கும் ஒரு வருஷம் பொய்ப்பதுண்டு. ஆனால் அவர் நிலத்தில் மண் தங்கியிருக்கும். அடுத்த பருவத்தை அவர் அடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முயலாதவரோ விளைச்சலோடு மண்ணையும் இழப்பர். ஆதலின், மழையை வேண்டிக்கொள்வதில் தவறில்லை. கலப்பையைப் பழுதுபார்த்துவிட்டு வேண்டிக்கொள்வதே உழவர்க்கு அழகு.