போதை தெளிந்த விரல்கள்

1982 ஜூலை. ஸ்விட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில் வருடம்தோறும் நடக்கும் ஜாஸ் விழா. அன்றிரவு மேடையேறிய மூன்று டெக்ஸஸ்காரர்களை அங்கே அநேகமாக யாருக்கும் தெரியாது. ஒரு இசைத்தட்டுகூட வெளியிடாதவர்கள். சாந்தமான ப்ளூஸ் கேட்க வந்த ரசிகர்களுக்கு இவர்களுடைய சத்தம் பிடிக்கவில்லை. ஒரு பகுதியினர் கூச்சல் போட்டார்கள். தொப்பியணிந்த கிதார்க்காரர் வாசித்து முடித்துவிட்டுத் தொங்கிய முகத்துடன் இறங்கினார். அவர் பெயர் ஸ்டீவி ரே வான். வயது 27.

ஆனால் அங்கே இவரைக் கேட்ட இருவர் கூச்சல் போடவில்லை. ஒருவர் டேவிட் போவி. தனது 'லெட்ஸ் டான்ஸ்' இசைத்தட்டில் வாசிக்க வானை அழைத்தார். இன்னொருவர் ஜாக்ஸன் பிரௌன். லாஸ் ஏஞ்சலீஸில் இருந்த தனது ஒலிப்பதிவுக்கூடத்தை இலவசமாகவே கொடுத்தார். அங்கே சில நாட்களில் பதிவானதுதான் 'டெக்ஸஸ் ஃப்ளட்'. பில்லி ஹாலிடேயையும் பாப் டிலனையும் உலகுக்கு அறிமுகப்படுத்திய ஜான் ஹாமண்ட் அதற்கு ஆதரவு தர, 1983-ல் வெளிவந்தது. போவியின் உலகச் சுற்றுப்பயணத்தில் சேருகிற வாய்ப்பை, ஊதியத்திலும் தன் குழுவுக்கான இடத்திலும் உடன்பாடு ஏற்படாததால் வான் உதறிவிட்டார். அறிமுகமில்லாத ஒருவர் செய்யத் துணியாத காரியம்.

சின்தசைஸரும் டிரம் மெஷினும் கோலோச்சிய காலம் அது. ப்ளூஸ் என்பது பழையவர்களின் சங்கதி என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி வயல்களில் கறுப்பின மக்களின் துயரத்திலிருந்து பிறந்த இசையை ஒரு வெள்ளைக்காரப் பையன் மீண்டும் வானொலிக்குக் கொண்டுவந்தார். டல்லஸில் 1954-ல் பிறந்தவர். ஏழு வயதில் ஒரு பொம்மை கிதார் கிடைத்தது. குரு என்றால் அண்ணன் ஜிம்மியும் அண்ணன் வாங்கிவந்த இசைத்தட்டுகளும்தான். ஆல்பர்ட் கிங்கும் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் அவருக்கு ஆதர்சம். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு ஆஸ்டினுக்குப் போய், பத்து வருடம் சின்னச் சின்ன மதுக்கூடங்களில் வாசித்துப் பழகினார்.

வாசிப்பில் தந்திரம் ஏதுமில்லை, உழைப்புதான். மற்றவர்கள் விரலுக்கு இதமான மெல்லிய கம்பிகளைப் பூட்டும்போது இவர் தடித்த கம்பிகளைப் பூட்டினார். சுருதியை அரை ஸ்வரம் இறக்கிக்கொண்டார். கம்பியை அழுத்தி வளைக்கையில் விரல் நுனித்தோல் பிய்ந்து போகும். பிசின் வைத்து ஒட்டிக்கொண்டு தொடர்ந்து வாசிப்பார். 1984-ல் ப்ளூஸ் உலகின் டபிள்யூ.சி. ஹாண்டி விருதுகளில் 'சிறந்த கலைஞர்' விருது, முதல் முறையாக ஒரு வெள்ளையருக்கு, இவருக்குக் கிடைத்தது.

இதுவரை வெற்றிக் கதை. இனி நான் சொல்ல வந்த விஷயம்.

வான் சிறுவயதிலிருந்தே குடித்தவர். அப்பா ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளி, குடிகாரர், கோபம் வந்தால் கைநீட்டுகிறவர். மகனுக்குப் புகழ் வந்தபோது கொகெயினும் சேர்ந்து வந்தது. அதை விஸ்கியில் கரைத்துக் குடிக்கும் அளவுக்குப் போனார். 1986 ஆகஸ்டில் அப்பா இறந்தார். ஒரு மாதம் கழித்து, ஜெர்மனியில் சுற்றுப்பயணத்தின் நடுவே வான் நிலைகுலைந்து விழுந்தார். லண்டனில் சிகிச்சை, பிறகு அட்லாண்டாவில் மறுவாழ்வு மருத்துவமனை. அவருடைய பாஸ் கிதார் கலைஞர் டாமி ஷானனும் அதே சமயத்தில் வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தார்.

கலைஞன் என்றால் கொஞ்சம் போதை வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உலகெங்கும் உண்டு. நம்மூரிலும் உண்டு. தள்ளாடியபடி மேடையேறுகிறவரை 'மேதை, அப்படித்தான் இருப்பார்' என்று கைதட்டி அனுமதிக்கிறோம். அவர் செத்த பிறகு, 'குடிக்காமலிருந்தால் இன்னும் சாதித்திருப்பார்' என்று இரங்கல் எழுதுகிறோம். இரண்டையும் செய்பவர்கள் ஒரே ஆட்கள்தான்.

வானுக்கும் அந்தப் பயம் இருந்தது. போதையில்லாமல் தன்னால் வாசிக்க முடியுமா? போதையில் இருந்த காலத்தில்தான் 'டெக்ஸஸ் ஃப்ளட்' உருவானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் போதை உச்சத்திலிருந்த 1986-ல் வந்த 'லைவ் அலைவ்' என்ற மேடைக் கச்சேரிப் பதிவைப் பாருங்கள். ஒலிப்பதிவுக்கூடத்தில் நிறைய ஒட்டுப்போட்டுத்தான் அதை வெளியிட முடிந்தது. வானே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டார். ஆரம்பத்தில் போதை இருந்தும் திறமை நின்றது, போகப்போகப் போதை திறமையைத் தின்றது என்பதே சரியான கணக்கு.

தெளிந்த பிறகு 1989-ல் வந்தது 'இன் ஸ்டெப்'. தலைப்பிலேயே குடியிலிருந்து மீள்வதற்கான பன்னிரண்டு படிகள் ஒளிந்திருக்கின்றன. வேகத்துக்குக் குறைவில்லை. கூடவே, முன்பு இல்லாத நிதானம். எங்கே நிறுத்த வேண்டும் என்று விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. மேடைகளில் பாட்டுக்கு நடுவே தன் மீட்சியைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசினார். அண்ணனோடு சேர்ந்து முதல்முறையாக ஒரு முழு இசைத்தட்டும் பதிவு செய்தார்.

அது கடைக்கு வருவதைப் பார்க்க அவர் இல்லை. 1990 ஆகஸ்ட் 26 இரவு, விஸ்கான்ஸின் மாநிலத்தின் ஆல்பைன் வேலியில் எரிக் கிளாப்டன், படி கை, ராபர்ட் கிரே, அண்ணன் ஜிம்மி ஆகியோருடன் சேர்ந்து வாசித்துவிட்டு, நள்ளிரவு தாண்டி ஹெலிகாப்டரில் ஏறினார். மூடுபனி. புறப்பட்ட சற்று நேரத்தில் அது ஒரு பனிச்சறுக்கு மலையில் மோதியது. ஐந்து பேர் இறந்தார்கள். வானுக்கு வயது 35.

விதி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1986-ல் அவர் செத்திருந்தால், போதையில் எரிந்துபோன மேதைகளின் பட்டியலில் இன்னொரு பெயர் சேர்ந்திருக்கும். பொய்யான அந்த நம்பிக்கைக்கு இன்னொரு சாட்சி கிடைத்திருக்கும். கிட்டத்தட்ட நான்கு வருடம் தெளிவாக வாழ்ந்து, தெளிவாக வாசித்து, அந்தச் சாட்சியத்தை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஆஸ்டினில் ஏரிக்கரையில் 1993-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். தொப்பி இருக்கிறது, கிதார் இருக்கிறது. கையில் கோப்பை இல்லை.