விருந்துக்கு விலை உண்டா?

வீட்டுக்கு வந்தவரிடம் காசு வாங்குவது தமிழர் பண்பாடா? சென்ற டிசம்பரில் தேனி மாவட்டம் போய்த் திரும்பிய எங்கள் நால்வரையும் பார்த்து நண்பர் ஒருவர் எழுப்பிய கேள்வி இது. புக்கிட் மேரா உணவங்காடி ஒன்றில் தேநீரோடு தொடங்கிய அந்த வாக்குவாதம், மேசையைத் துடைக்க வந்தவர் எங்களை எழுப்பும்வரை ஓயவில்லை. அன்று நான் பாதியில் விட்டதை இங்கே முழுதாகச் சொல்லிவிட விரும்புகிறேன்.

முதலில் போன இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு வீடு, அங்கே இரவு தங்கல், விடிந்ததும் வீட்டுக்காரர் கையால் காலை உணவு என்றால் நமக்கு உடனே பிரான்சும் இத்தாலியும்தான் நினைவுக்கு வரும். கம்பம் பள்ளத்தாக்கு வராது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையில், 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரை நம்பி வாழும் மண் அது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று சுற்றினால் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களும், அவற்றின் கீழே தலையில் இடிக்கும் கருநீலக் குலைகளும்தான். பன்னீர்த் திராட்சை என்பது அதன் பெயர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது இன்னொரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். ஆகவே ஆண்டு முழுவதும் பழம் உண்டு. ஐரோப்பியக் கொடிகளோ ஆண்டுக்கு ஒருமுறை காய்த்துவிட்டுக் குளிரில் உறங்கப் போய்விடும்.

ஒயின் குடித்தாயா என்று கேட்காத தோழர் இல்லை. இல்லை! அங்கு விளைவதில் பெரும்பகுதி பழமாகவே சந்தைக்குப் போகிறது. உரிமம் இல்லாமல் ஒரு விவசாயி வீட்டில் மது வடித்து விருந்தினருக்கு ஊற்ற முடியாது. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனையும் 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது சாறு. அதுவும் கொட்டையோடு.

நாங்கள் தங்கியது ஒரு திராட்சை விவசாயியின் வீட்டு மாடியில். இரண்டே அறைகள். தெரிந்தவர் ஒருவர் மூலம் முன்பே பேசி, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று முடிவு செய்திருந்தோம். மூன்று நாளும் அந்த வீட்டு அம்மா நாலரை மணிக்கு எழுந்தார். கிணற்றடியில் பாத்திரம் கழுவும் ஓசையில்தான் எங்களுக்கு விழிப்பு வரும். இட்லி, இரண்டு வகைச் சட்னி, ஒருநாள் பணியாரம், மதியம் கறிக்குழம்பு, இரவு மீண்டும் அடுப்பு. எங்கள் நால்வருக்கும் குடும்பத்தார் ஐவருக்கும் சேர்த்து. இடையில் களத்துக்குப் போய்க் குலை வெட்டுபவர்களோடும் நின்றார்.

புறப்படும் நாளில் ஐயாவிடம் அறைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் நீட்டினோம். அவர் எண்ணி, அறைக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொண்டார். “ரூமுக்கு மட்டும் போதும் தம்பி. சோத்துக்குமா காசு வாங்குவாக?” என்றார். பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் சமையற்கட்டு வாசலில் நின்ற அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மீதிப் பணத்தை அவர் கையில் கொடுத்தேன். ஐயாவை ஒருமுறை பார்த்தார். பிறகு வாங்கி, எண்ணிப் பார்த்துவிட்டு, உள்ளே வைத்தார்.

‘அது அவமதிப்பு இல்லையா?’ என்பதுதான் என் நண்பரின் வாதம். நண்பரே, அவமதிப்பாக இருந்தால் அவர் எண்ணியிருப்பாரா?

சுவரும் கட்டிலும் ஐயாவுடையவை; அவற்றுக்கு விலை உண்டு. அடுப்படி உழைப்பு அம்மாவுடையது. அதற்குப் பெயர் பண்பாடு. இந்தக் கணக்கு தேனி மாவட்டத்துக்கு மட்டும் உரியதன்று. நம் ஒவ்வொரு வீட்டிலும் விருந்தோம்பலின் புகழ் குடும்பத் தலைவருக்கும், புகை அம்மாவுக்கும் போகிறது. பிரான்சில் வீட்டு அறைகளை விருந்தினருக்கு விடுவதற்குச் சட்டம் இருக்கிறது. ஐந்து அறைக்கு மேல் கூடாது, பதினைந்து பேருக்கு மேல் கூடாது, காலை உணவு வாடகையில் அடங்கியிருக்கவேண்டும். அங்கே ரொட்டிக்கும் விலை உண்டு. அதனால் பிரெஞ்சுக்காரர்களின் உபசாரம் கெட்டுப்போனதாக நான் கேள்விப்படவில்லை.

திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. புதிதாய் வந்தவரே விருந்தினர். உறவுக்காரர் வேறு, விருந்து வேறு. நாமோ வந்தவரை உடனே ‘நம்ம பிள்ளை’ ஆக்கி, உறவாக்கி, அந்த உறவைச் சொல்லியே கூலி இல்லாமல் செய்துவிடுகிறோம். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அதிகாரம் இல்லறவியலில் இருக்கிறது. இல்லறத்துக்கு முதலில் ஓர் இல்லம் வேண்டும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. நான் பகாங்கில் வளர்ந்தவன். எங்கள் ஊர்ப் பேச்சில் ‘கம்பம்’ என்றால் மலாய்க் கிராமம். 1995-இல் மலேசிய அரசு வீட்டுத் தங்கல் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் தெமர்லோ வட்டாரத்திலுள்ள டேசா மூர்னியில்தான் தொடக்க விழா. தமிழ்ப்பள்ளியை முடித்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது என் பக்கத்து மேசை மலாய்த் தோழனின் கம்பமும் அப்படி விருந்தினரை ஏற்றுவந்தது. ஜப்பானிய மாணவர்கள் வருவார்களாம். அவனுடைய அம்மா சமைத்துப் போட்டு, தம் பெயரில் பணம் பெற்று, துணி துவைக்கும் இயந்திரம் வாங்கிய கதையை அவன் பெருமையோடு சொல்வான். ஓர் அம்மா தம் சமையலால் சம்பாதிக்கலாம் என்று நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான்.

அந்தக் கம்பத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் என் தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டம். அங்கே ஏன் ஜப்பானியர் வந்து தங்கவில்லை? எங்கள் பாட்டிமாருக்கு உபசரிக்கத் தெரியாதா? தெரியும். வீடுதான் அவர்களுடையதாக இல்லை. லயம் நிர்வாகத்துக்குச் சொந்தம். தாத்தா ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். இலங்கை மலையகத்தில் காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய துரைமார் பங்களாக்கள் சில 2005 முதல் சொகுசு விடுதிகளாக நடக்கின்றன. மலைச்சரிவில் கொழுந்து பறிப்பவர்களின் லயன் அறைக்கு விருந்தாளி போக வழியில்லை. ஏன், இங்கே என் அறைக்குப் பக்கத்திலேயே, ஸ்பூனர் சாலையில் மலாயா ரயில்வே ஊழியர் குடியிருப்பு இருந்தது. 2011 ஜூலை 1 முதல் ரயில் உட்லண்ட்ஸோடு நின்றுவிட, அந்த வீடுகளும் கைமாறின. வேலையோடு வந்த வீடு வேலையோடு போய்விடும். அப்படிப்பட்ட வீட்டில் எப்படி ‘வாருங்கள், தங்குங்கள்’ என்று பலகை மாட்டுவது?

கம்பம் பள்ளத்தாக்கில் நான் கண்டது அதற்கு மாறானது. எங்களை ஏற்ற குடும்பத்துக்குப் பந்தலும் சொந்தம், மாடியும் சொந்தம். தமிழர் ஒருவர் தம் நிலத்தின் நடுவே நின்று அந்நியரை வரவேற்கிறார். தோட்டத்துப் பேரனுக்கு அது சாதாரணக் காட்சி அன்று.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். காசு கொடுத்தவருக்குக் குறை சொல்லும் உரிமையும் வந்துவிடும். வெந்நீர் வரவில்லை, சட்னியில் காரம் என்று அந்த அம்மாவிடம் முகம் சுளிப்பவர்களும் வருவார்கள். ஆனால் இலவசமாகச் சாப்பிட்டவர்கள் குறை சொல்வதில்லையா? நம் கல்யாண வீடுகளைப் பார்த்தவருக்கு அந்த மயக்கம் இருக்காது!

புக்கிட் மேராவில் நான் வாடகைக்கு இருப்பது ஓர் அக்காவின் மூவறை வீட்டில். சிங்கப்பூரில் வீவக வீட்டு அறையை ஆறு மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விடக்கூடாது. ஓர் இரவுத் தங்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாதம் பிறந்தால் நான் பணம் கொடுப்பேன், அக்கா வாங்கிக்கொள்வார், இருவருக்கும் முகத்தில் ஒரு கோணலும் இல்லை. சென்ற ஆண்டு என் அம்மா இரண்டு நாள் வந்து தங்கியபோதுதான் சிக்கல். அக்கா காசு வாங்க மறுத்துவிட்டார். அம்மா என்ன செய்தார் தெரியுமா? இரண்டு நாளும் அக்காவின் சமையலறையைத் தேய்த்துக் கழுவி, அடுப்பின் எண்ணெய்க் கறையைக்கூடச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பேருந்து ஏறினார். நம் பெண்கள் இப்படித்தான் கடன் அடைக்கிறார்கள்.

அடுத்த டிசம்பர்ப் பயணத்துக்கு நம் செயற்குழு மதுரையில் தங்கும் விடுதி தேடுவதாக அறிகிறேன். மதுரையிலிருந்து கம்பம் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம்தான். அங்கே போவோம். அறைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று இரண்டையும் முன்கூட்டியே தனித்தனியாகப் பேசுவோம். பேரம் வேண்டாம். சாப்பாட்டுப் பணத்தைச் சமைத்தவர் கையில் கொடுப்போம். ஒரு வீட்டில் இரண்டு அறைதான் இருக்கும் என்பதால் பதினைந்து பேருக்கு நான்கு வீடுகளாவது தேவைப்படும். இப்போதே எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும்.