பத்த வைக்காதீங்க பாஸ்!

போன செமஸ்டர் எங்க ஹாஸ்டல் கிரவுண்டில் நடந்த கூத்தை முதல்ல சொல்லிடறேன். ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில், மூணில் ஒரு பங்கு தண்ணி, சைக்கிள் பம்ப், அட்டையில் வெட்டின மூணு ஃபின். கவுன்ட்-டவுன் எல்லாம் சொல்லி விட்டோம். பத்தடி போன ராக்கெட், குட்டிக்கரணம் அடிச்சு வார்டன் பைக் பக்கத்துல 'தொப்'!

"தண்ணியெல்லாம் வேஸ்ட் மச்சான், பட்டாசு மருந்தைப் பிரிச்சு அடைச்சுடலாம்" என்றான் ரூம்மேட். அங்கேதான் எனக்கு வயித்தைக் கலக்கியது. நீங்களும் அந்த ஐடியாவில் இருந்தா, ப்ளீஸ், இதைப் படிச்சுட்டுப் போங்க.

1957-ல் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்கப் பசங்களுக்கு ராக்கெட் ஜுரம். தீக்குச்சி மருந்து, துத்தநாகம்-கந்தகக் கலவை என்று கிடைத்ததையெல்லாம் குழாயில் அடைத்தார்கள். விரல் போனவர்கள் உண்டு, உயிரே போனவர்களும் உண்டு. இதற்கு வழி சொன்னவர்களில் முதல் ஆள் யார் தெரியுமா? நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல்! 1954-லேயே காகிதக் குழாய், பால்சா கட்டை, பாராசூட் வைத்துக் குட்டி ராக்கெட் செய்திருந்தார். ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் இன்ஜினீயர் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு பொழுதுபோக்காகவே வளர்த்துவிட்டார். மருந்தைத் தொழிற்சாலை அடைக்கும், பையன்கள் பாடியை மட்டும் செய்தால் போதும். இதுதான் அவர்கள் போட்ட ரூட். 1965-ல் ஸ்டைன் எழுதிய 'ஹேண்ட்புக் ஆஃப் மாடல் ராக்கெட்ரி' கிடைத்தால் விடாதீங்க. 'சி6-5' என்று மோட்டாரில் எழுதியிருந்தால் என்ன அர்த்தம் என்பது வரைக்கும் அதில் இருக்கு (சராசரி உந்துவிசை 6 நியூட்டன், எரிந்து முடிந்து 5 விநாடி கழித்து பாராசூட்).

நம்ம ஊரில் வீட்டில் மருந்து கலந்தால், 1884-ம் வருஷ வெடிபொருள் சட்டம் வேறு காத்திருக்கு. தண்ணியே போதும் பாஸ்.

சரி, குட்டிக்கரணம் ஏன்? வேகம் பத்தாததால் இல்லை. எடையின் மையம் முன்னாடியும், காற்று தள்ளும் மையம் பின்னாடியும் இருக்கணும். நடுவில் குறைந்தது பாட்டில் விட்டம் அளவு இடைவெளி வேணும். எங்களுக்கு ரெண்டும் ஏறக்குறைய ஒரே இடம்! இதைக் கணக்குப் போட 'ஓபன் ராக்கெட்' சாஃப்ட்வேர் இருக்கு. ஃபின்லாந்து மாணவர் ஒருவர் 2009-ல் தன் மாஸ்டர்ஸ் தீசிஸுக்காக உருவாக்கியது, இன்னைக்கும் இலவசம். (நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்களை நினைச்சா... வேண்டாம், விடுங்க!) ராக்கெட்டை வரைந்தால் ரெண்டு மையத்தையும் புள்ளி வைத்துக் காட்டிவிடும்.

கம்ப்யூட்டர் இல்லையா? காலி ராக்கெட்டை விரலில் பேலன்ஸ் பண்ணுங்க. நிற்கிற இடத்தில் நூலைக் கட்டி, ஏழெட்டு அடி நூலில் தலைக்கு மேல சுத்துங்க. மூக்கு முன்னாடி பார்த்துப் பறந்தா ஓகே. பின்பக்கமா, தாறுமாறா சுத்தினா மூக்கில் எடை ஏத்தணும், இல்லை ஃபின்னைப் பெருசாக்கணும். நாங்க ஃபேன்ஸி ஸ்டோர் களிமண் ஒரு உருண்டை வெச்சோம். அடுத்த தடவை ராக்கெட் வேப்பமரத்தைத் தாண்டிடுச்சு!

ஒண்ணு மட்டும் கவனம். சோடா, கோலா பாட்டில்தான் அழுத்தம் தாங்கும், மினரல் வாட்டர் பாட்டில் வேண்டாம். 40 பி.எஸ்.ஐ.க்கு மேல பம்ப் அடிக்காதீங்க. நீளமான கயித்தால இழுத்து ரிலீஸ் பண்ணுங்க, குனிஞ்சு எட்டிப் பார்க்காதீங்க. வார்டன் பைக்கைத் தள்ளி நிறுத்தச் சொல்லிடுங்க!