தாத்தாவும் இருபத்தஞ்சு பவுண்டும்

வேலூர் பக்கத்து கிராமங்களில் பட்டாளத்துத் தாத்தா என்பது பெரிய விசேஷம் இல்லை. கம்மவான்பேட்டைக்கு 'மிலிட்டரிப்பேட்டை' என்றே இன்னொரு பேர் உண்டு. அந்த வட்டாரத்தில் பஸ்ஸில் ஏறி "ஹவில்தார்!" என்று கூப்பிட்டால் நாலு பெருசுகள் திரும்பிப் பார்க்கும். எங்கள் தாத்தாவும் திரும்பியிருப்பார். காதில் விழுந்திருந்தால்!

1958-ல், பத்தொன்பது வயசில் பீரங்கிப் படையில் சேர்ந்தவர். வீரக்கதை எதிர்பார்த்து அவரிடம் உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். பேசினால் சங்கீதம் பேசுவார். நாசிக் ரோடு டிரெயினிங் சென்டரைப் பற்றிக் கேட்டால், பேரக்ஸில் புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ரேடியோ சிலோனில் 'பினாக்கா கீத்மாலா' கேட்ட கதை வரும். அமீன் சயானி பேசிப் பேசித்தான் தனக்கு ஹிந்தி வந்தது என்பார். கூட இருந்த பஞ்சாபிகள் எம்.எஸ். நடித்த ஹிந்தி 'மீரா'வைப் பார்த்தவர்கள். மதராஸி என்றால் சுப்புலட்சுமி ஊர்க்காரன் என்று ஒரு தனி மரியாதையாம். சப்பாத்தி ஒன்று அதிகம் விழும். தாத்தாவின் டிரங்குப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் எம்.எஸ். படம் ஒட்டியிருந்தது. பிள்ளையார்கூட பக்கத்தில் சின்னதாகத்தான் இருந்தார்.

இப்பேர்ப்பட்ட மனுஷர், எனக்கு விவரம் தெரிந்த நாளில், 1963-ல் ரெக்கார்டாக வந்து உலகத்தையே எழுப்புகிற அந்த சுப்ரபாதத்தை ரேடியோவில் கேட்டால் எழுந்து வந்து நிறுத்திவிடுவார். "இரைச்சலா இருக்கு" என்பார். எம்.எஸ். குரலை இரைச்சல் என்று சொன்ன ஒரே தமிழர் எனக்குத் தெரிந்து அவர்தான். பி.சுசீலாவுக்கும் அதே கதி. அவர் விரும்பிக் கேட்டது எம்.டி.ராமநாதன். ஒரு கட்டைக்கும் கீழே சுருதி வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சே என்ற கவலையே இல்லாமல் பாடுவாரே, அவர். அடுத்தது தவில். பெண்களில் டி.கே.பட்டம்மாளுக்கு மட்டும் அனுமதி.

"அவருக்குப் பொம்பள கொரலே ஆவாது. எங் கொரலு மட்டும் இனிக்குமா?" என்று ஆயா முறத்தைத் தட்டுவாள். அவள் கூப்பிட்டால் மூணாவது தடவைதான் திரும்புவார். வேண்டுமென்றே செய்கிறார் என்பது ஆயாவின் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

2009-ல் அவரை வேலூரில் காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, 'பீப்' கேட்டால் பட்டனை அமுக்கு என்றார்கள். கடைசியில் ஒரு கிராஃப் வந்தது. பி.காம். படித்த எனக்கு அந்தக் கோடு நன்றாகப் பழகியதுதான். கொஞ்ச தூரம் சமாளித்துப் போய், மூவாயிரம் நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும், 2008-ல் சென்செக்ஸ் விழுந்த மாதிரி தொபுக்கடீர்.

"பெரியவர் மில்லுல வேலை பாத்தாரா?" என்றார் டாக்டர்.

"பீரங்கி" என்றார் தாத்தா.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக நாலு வாக்கியம் யுத்தம் பேசினார். 1965 செப்டம்பர். பஞ்சாபில் கேம்கரன் பக்கம், அசல் உத்தர். எதிரியின் பாட்டன் டாங்கிகள் தண்ணீர் கட்டிய கரும்புக் கொல்லையில் மாட்டிக்கொண்டு நின்ற இடம். தாத்தா நின்றது இருபத்தஞ்சு பவுண்டர் பீரங்கிக்குப் பக்கத்தில். ஒரு குண்டு பதினோரு கிலோவுக்கு மேல். எடுத்துக் கொடுக்க வேண்டும், வெடிக்கும், அடுத்தது. இப்படி மூன்று நாள்.

"காதுக்கு ஒண்ணும் வெச்சுக்கலியா?"

"பஞ்சு குடுத்தாங்க. அத வெச்சா ஆர்டர் கேக்காது. எடுத்துட்டோம்."

டாக்டர் பொறுமையாக விளக்கினார். உள்காதில் ஒலியை வாங்குகிற மயிரிழை செல்கள் பக்கத்துக்கு சுமார் 15,000 இருக்கின்றன. அவ்வளவுதான் இருப்பு. பெரிய சத்தத்தில் செத்தால் திரும்ப முளைக்காது. உச்ச ஒலிகளை வாங்குகிற செல்கள்தான் முதலில் போகும். அதனால் 'ச', 'ஸ' எல்லாம் தேயும். பெண்கள் பேச்சும் குழந்தைகள் பேச்சும் புரியாது. மிச்சமிருக்கிற காதுக்குச் சத்தத்தைக் கூட்டினால் கரகரவென்று உடைந்து கேட்கும்.

இரைச்சல்!

பட்டம்மாள் குரல் கனமான குரல். எம்.டி.ஆர். அதற்கும் பல படி கீழே. தவில் இடிக்கிற இடி. மனுஷர் யாரையும் வெறுக்கவில்லை. பீரங்கி விட்டுவைத்த கட்டையில் யார் பாடினார்களோ அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார். 1974-ல் பென்ஷன் வாங்கி வந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நடத்தை, உயரம், மச்சம் எல்லாம் இருந்தன. காதைப் பற்றி ஒரு வரி இல்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை.

பஸ்ஸில் ஆயா பாகாயம் வரைக்கும் பேசவில்லை. அப்புறம் தாத்தா காதுக்கு நேராகக் குனிந்து, "அப்போ முப்பத்தஞ்சு வருசமா நான் பேசினது?" என்றாள்.

"பாதி கேட்டுது."

"எந்தப் பாதி?"

தாத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது கேட்காமலா, கேட்டா என்று இன்று வரை தெரியாது.

காது மெஷின் வந்தது. அது பேச்சுக்காகச் செய்தது; சங்கீதத்துக்கு லாயக்கில்லை. தம்புராவைப் போட்டால் தகரத்தில் அரம் தேய்க்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஆகவே ஆயாவுக்கு மாட்டுவார், பாட்டுக்குக் கழற்றுவார். மூன்றாம் நாள் ஆயாவே, "கழட்டி வெச்சிடுங்க" என்றாள். தன்பாட்டுக்கு அவள் முனகுகிற எல்லாவற்றுக்கும் தாத்தா பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். குடும்பம் நடக்குமா?

கடைசி இரண்டு வருஷத்தில், மெஷினைக் கழற்றிவிட்டு எம்.எஸ். பாட்டைப் போடச் சொல்வார். ஸ்பீக்கர் பெட்டி மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். பாட்டு மேலே ஏறுகிற இடத்தில், ஸ்வரம் வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே தலை ஆடும். பேரக்ஸில் கேட்டு வைத்திருந்த எம்.எஸ். அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தார் போல. பெட்டியிலிருந்து தாளம் மட்டும் விரலுக்கு வந்தால் போதும், மீதியை அவரே நிரப்பிக்கொண்டார்.

2016 தை மாதம் போய்விட்டார். எழுபத்தேழு வயசு. சாவுக்கு மேளக்காரர்கள் வந்து ஓங்கி அடித்தபோது, "மெதுவா அடிங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். ஆயா நிமிர்ந்து பார்த்து, "சும்மா இரு. அடிக்கட்டும், அதான் அவருக்குக் கேக்கும்" என்றாள்.